ஏழாம் ஜன்னலின் மாலுமி

முன்பெல்லாம் அந்த ஊரில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுப்பது மிகவும் அநியாயமான முறையில் நடந்துகொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மாவுக்கட்டு போடும் அறைக்கு அடுத்த அறையில், மெலிந்த மருந்தாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாதம் ஒருமுறை போய் அட்டையை நீட்டினால் ஒரு டப்பாவை எடுத்து வைப்பார். "காலையில எட்டு மணின்னா எட்டு மணி. ஒரு நாள் விட்டாலும் மருந்து கோவிச்சுக்கும், அப்புறம் கேக்காது" என்பார். நாலு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நீ யார், என்ன தொழில், நோய் யாரிடமிருந்து வந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்த மனிதருக்குப் பயிற்சி போதவில்லை.

இந்த அநியாயத்தைக் கண்டுபிடிக்க நாலு நிபுணர்கள் மூன்று வருடம் உழைத்தார்கள். பயந்துகொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, அந்த அறைப் பக்கமே வராதவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் வராதவர்களைத் தேடிப் போவது அலைச்சல் பிடித்த வேலை. அதனால் வந்துகொண்டிருந்தவர்களை வகை பிரித்தார்கள்.

ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் எழும்பியது. 'எளிதில் பாதிக்கப்படக்கூடியோருக்கான எச்.ஐ.வி. மற்றும் பாலியல் நலச் சமவாய்ப்பு அணுகல் நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். பலகை கட்டடத்தை விட நீளம் என்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்துக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. "பாதிக்கப்பட்டவங்கல்லாம் எறங்குங்க!" என்று நடத்துநர் கத்துவார். வண்டியே திரும்பிப் பார்க்கும். அதனால் வேண்டியவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து வந்தார்கள். நடைப்பயிற்சியும் உடம்புக்கு நல்லதுதானே என்று நிலையத்தின் முதல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

காலரக்கா அப்படித்தான் நடந்து வந்தாள். சட்டைக் கம்பெனியில் பதினாலு வருடமாகக் காலர் பார்ப்பவள் என்பதால் அந்தப் பெயர். நாளைக்குத் தொள்ளாயிரம் சட்டை அவள் கையில் ஏறி இறங்கும். காலரின் இடது முனையும் வலது முனையும் ஒரே அளவா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். நூலிழை வித்தியாசம் இருந்தாலும் தூக்கி எறிவாள். சமம் என்றால் என்ன என்று அந்த ஊரில் அளந்து சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

கணவனிடமிருந்து வந்த நோய். அவன் போய் ஆறு வருடம் ஆகிறது. மகளுக்குப் பதினைந்து வயது. அவள் படித்து ஒரு வேலையில் உட்காரும் வரை சாகக் கூடாது என்பது காலரக்காவின் ஒரே திட்டம். அதற்கு நிதி, குழு, பலகை எதுவும் தேவைப்படவில்லை. தினம் ஒரு மாத்திரை போதும். கம்பெனியில் நோய் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் மாதாமாதம் பல் வலி என்று சொல்லித்தான் அரைநாள் விடுப்பு வாங்குவாள். கம்பெனிப் பதிவேட்டின்படி அவளுக்கு இதுவரை நாற்பத்தொரு பல் பிடுங்கியாகிவிட்டது. மேற்பார்வையாளர் கணக்கில் கொஞ்சம் பலவீனம்.

நிலையத்தின் வாசலில் வரவேற்பு அம்மா ஒரு பிளாஸ்டிக் அட்டையை நீட்டினார். அதில் ஒன்பது பிரிவுகள், ஒன்பது படங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஜன்னல். பாலியல் தொழில் செய்பவர்கள், திருநங்கைகள், ஆணை விரும்பும் ஆண்கள், ஊசியில் போதை ஏற்றுபவர்கள், லாரி ஓட்டுநர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள் என்று போனது.

"இதுல நீங்க எது?"

காலரக்கா அட்டையை இரண்டு முறை படித்தாள். "இதுல நான் இல்லீங்க."

"நல்லாப் பாருங்கம்மா. எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

"நான் கல்யாணம் ஆனவங்க. அவர் மூலமா வந்தது."

"கல்யாணம் பிரிவு கெடையாதும்மா. அவர் என்ன வேலை பாத்தார்? லாரி ஓட்டினாரா? கொஞ்ச நாள் ஓட்டியிருந்தாக் கூடப் பாக்கலாம்."

"குடிநீர் அலுவலகத்துல குமாஸ்தா."

வரவேற்பு அம்மாவின் முகம் வாடியது. "குமாஸ்தாவுக்கு வராதேம்மா."

"வந்துச்சுங்க."

"ஆவணத்துல இல்லையே."

விஷயம் மேலே போய், நிலையத்தின் இயக்குநரே இறங்கி வந்தார். நல்ல மனிதர். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். யாரையும் பேச விடவும் மாட்டார்.

"அம்மா, நீங்க கவலையே படக் கூடாது. நீங்க எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் இல்ல. வேணும்னா எழுதியே குடுக்கறேன்."

"எனக்குத்தான் ஏற்கெனவே பாதிச்சிருச்சே சார்."

"அது முடிஞ்சு போன விஷயம். நாங்க பாக்கறது பாதிக்கக்கூடியவங்களை. பாதிச்சவங்களையெல்லாம் பாத்தா இது சாதாரண ஆஸ்பத்திரி ஆயிடாதா?"

"டப்பாவுல ஆறு மாத்திரைதான் இருக்கு சார்."

"ஆறா!" இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "உள்ள உக்காந்திருக்கறவங்க சில பேர்கிட்ட ரெண்டுதான் இருக்கு. அந்த விதத்துல பாத்தா நீங்க வசதியான பிரிவும்மா."

சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். 'இவர் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் அல்லர்' என்று முத்திரை குத்திய கடிதம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காலரக்கா உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார யாரும் தடை சொல்லவில்லை.

உள்ளே ரகசியம் கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்டது. யாரையும் "நீ எந்தப் பிரிவு" என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. அதற்காக ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத்தில் நாடா கொடுத்துக் கழுத்தில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். எந்த நிறம் எந்தப் பிரிவு என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. ஜன்னல்களுக்கு நடுவே தடுப்பும் உண்டு. ரகசியம் ஒரு துறையின் கொள்கை, வெளிப்படைத்தன்மை இன்னொரு துறையின் கொள்கை. இரண்டையும் மதித்துத் தடுப்பைக் கண்ணாடியில் போட்டிருந்தார்கள்.

கடைசியில் இருந்த கண்ணாடி அறைக்குள் பழைய மருந்தாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் மாத்திரைப் பெட்டிகள்.

"அண்ணே!" என்று காலரக்கா கண்ணாடியைத் தட்டினாள்.

அவர் பாவமாகத் தலையை ஆட்டி, சுவரில் தொங்கிய ஒரு வெண்கல மணியைக் காட்டினார்.

"அது சமத்துவ மணி. அது அடிக்காம அவர் கையைத் தூக்கக் கூடாது" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அழகு நிலையம் நடத்தும் திருநங்கை. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் எல்லோருக்கும் அவள் சிரிப்பக்கா. "உனக்கு என்ன நாடா குடுத்தாங்க?"

"எனக்கு நாடா இல்லன்னுட்டாங்க."

"அடியே! ஊரெல்லாம் எனக்குத்தான் எடம் இல்லம்பாங்க. இங்க வந்து உனக்கு எடம் இல்லையா?" சிரிப்பக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மணியின் கதையை அடுத்த பெஞ்சு லாரிக்காரர் விளக்கினார். ஐந்தாம் ஜன்னலுக்கு உரியவர். நரைத்த மீசை. திட்ட ஆவணத்தில், எந்தப் பிரிவும் இன்னொரு பிரிவுக்கு முந்திச் சேவை பெறக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதாம். அதைச் செயல்படுத்த ஒரு குழு உட்கார்ந்து, ஒன்பது ஜன்னலிலும் ஆளுக்கு ஒருவராவது வந்து அமர்ந்த பிறகுதான் மணி அடிப்பது, மணி அடித்த பிறகுதான் மாத்திரை என்று முடிவெடுத்தது. எட்டு ஜன்னலில் ஆள் வந்தாயிற்று. ஏழாம் ஜன்னல் மட்டும் காலி.

"ஏழாவது யாருக்கு?"

"கடலோடிகளுக்கு."

"இங்க ஏதுங்க கடல்?"

"அதைத்தானே பதினோரு நாளா நானும் கேக்கறேன்! கடலுக்கு என் வண்டியிலயே ஒரு பகல் ஓட்டணும்."

நடந்தது இதுதான். திட்ட ஆவணம் முதலில் ஏதோ ஒரு துறைமுக ஊருக்காக எழுதப்பட்டது. அதையே இந்த ஊருக்கும் எடுத்துக்கொண்டபோது எல்லா இடத்திலும் ஊர்ப் பெயரைக் கவனமாக மாற்றினார்கள். கடலை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒப்புதல் ஆன ஆவணத்தில் கை வைக்க இன்னும் மூன்று வருடம் ஆகும்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சொல்வாங்க" என்றார் லாரிக்காரர். "இங்க சாமியும் தயாரு, பூசாரியும் தயாரு. மணிதான் அடிக்க மாட்டேங்குது. என்கிட்ட நாளைக்குக் காலைக்கு ஒண்ணு இருக்கு. அதோட சரி."

சிரிப்பக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காலரக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குப் பிரிவு இல்ல. அங்க ஆள் இல்ல. ஜாடிக்கேத்த மூடி. போய் உக்காரு."

"ஐயோ, எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா."

"பொய் சொல்லாதே. நாக்கு குழறிடும். கேக்கறதுக்கெல்லாம் உன் வேலையையே சொல்லு."

ஏழாம் ஜன்னலின் கடலோடி நல அலுவலர் பதினோரு நாளாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். பின்னால் நங்கூரப் படம். எதிரே ஓர் ஆள் வந்து உட்கார்ந்ததும் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எழுந்து நின்றுவிட்டார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கீங்க?"

"பதினாலு வருஷமா சார்."

"ஒரு தடவை உள்ள போனா எப்ப வெளிய வருவீங்க?"

"சங்கு ஊதினாத்தான். நடுவுல வர முடியாது. கதவைச் சாத்திடுவாங்க."

"எத்தனை பேர் இருப்பீங்க?"

"நானூறு பேர். கழிப்பறைக்குப் போகணும்னா டோக்கன் வாங்கணும். ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன்தான்."

அலுவலர் உச்சுக் கொட்டிக்கொண்டே எழுதினார். "சத்தம் இருக்குமோ?"

"மெஷின் ஓடற சத்தத்துல பக்கத்துல இருக்கறவ பேசறது கேக்காது. வீட்டுக்கு வந்து படுத்தாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்."

"வாந்தி?"

"மொதல் ஆறு மாசம் தினமும். அப்புறம் பழகிடுச்சு."

"குறிப்பா உங்க வேலை என்ன?"

"காலர் பாக்கறது."

அலுவலருக்குக் கப்பலில் காலர் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் பதவி இடம் கொடுக்கவில்லை. "நங்கூரத்துப் பக்கம் வருமே, அதானே?"

"கழுத்துப் பக்கம் வரும் சார்."

"ஆமாமா, கழுத்து." நங்கூரத்தின் கழுத்து என்று எழுதிக்கொண்டார். பேனாவை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "கரையில சொகமா இருக்கறவங்களுக்கு உங்க கஷ்டம் எங்கம்மா தெரியுது?"

காலரக்கா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பதினாலு வருடத்தில் அவள் வேலையைப் பற்றி ஒருவர் இரக்கமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அது வேறொரு வேலைக்கான இரக்கம் என்றாலும் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

நீல நாடா கழுத்தில் ஏறியது. மணி அடித்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே மணியோசைக்குப் பின்னால் முப்பது முப்பது மாத்திரையாக டப்பாக்கள் வந்தன. லாரிக்காரர் டப்பாவைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். மருந்தாளர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து காலரக்காவைப் பார்த்து நெற்றியில் கை வைத்து ஒரு மாலுமி சல்யூட் அடித்தார்.

ஐந்து மாதம் இப்படியே ஓடியது. மாதாமாதம் ஒரு பல் போனது, ஒரு மாலுமி வந்தாள், ஒரு மணி அடித்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நிலையத்தின் வளர்ச்சியைக் காட்டும் வரைபடத்தில் மற்ற எட்டுக் கோடுகளும் படுத்துக் கிடக்க, கடலோடிகள் கோடு மட்டும் சுழியிலிருந்து நூறு சதவீதத்துக்கு ஒரே தாவாகத் தாவியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்க்க மேலிடத்திலிருந்து பெரிய நிபுணர் விமானம் ஏறி வந்தார்.

கூட்டம் நிலையத்தின் அரங்கில் நடந்தது. காலரக்கா பேச வேண்டும் என்றார்கள். ரகசியம் காக்க அவளைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். திரையின் மேல், 'அடையாளம் வெளியிடப்படாத, இவ்வூரின் ஒரே பெண் மாலுமி' என்று அட்டை தொங்கியது.

முதலில் இயக்குநர் பேசினார். "கடலே இல்லாத ஊர்ல ஒரு கடலோடியைக் கண்டுபிடிச்சு, அவங்களுக்குச் சேவையைக் கொண்டு போய்ச் சேர்த்திருக்கோம். கடல் இருக்கற ஊர்ல இதை யார் வேணாலும் செய்யலாம்!" கைதட்டல் நின்றதும், "ஆரம்பத்துல பதினோரு நாள் யாருக்கும் மருந்து தராம காத்திருந்தோம். அத்தனை பேரும் ஒரே மாதிரி மருந்தில்லாம இருந்தாங்க. ஒருத்தருக்குக் கூட பாரபட்சம் காட்டல. அந்தச் சமத்துவத்தை எங்க காலத்துல பாக்கக் குடுத்துவெச்சிருக்கணும்" என்றார். அவருக்கே குரல் தழுதழுத்தது.

பிறகு நிபுணர் திரையைப் பார்த்து அன்பாகக் கேட்டார். "சொல்லுங்கம்மா. கடல்ல உங்களுக்கு என்ன தேவை?"

காலரக்கா நாலு நாளாகப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டதில் அது மறந்துபோனது. பயமும் போய்விட்டது. எரிச்சல்தான் மிச்சம் இருந்தது.

"சார், நான் கடலைப் பாத்ததே இல்ல. சட்டைக் கம்பெனியில காலர் பாக்கறேன். நாப்பது பேருக்கு மாத்திரை வேணும்னு மாலுமின்னு சொன்னேன். எங்களுக்கு மாலுமியும் வேணாம், மணியும் வேணாம். நீ யாருன்னு கேக்காம, முன்ன மாதிரி மாத்திரையைக் குடுத்து அனுப்பிடுங்க சார். பயந்துகிட்டு வராதவங்களும் அப்ப வருவாங்க. அவ்வளவுதான்."

இயக்குநரின் நெற்றி வியர்த்தது. நிபுணர் எழுந்து நின்றார். நின்று கை தட்டினார்.

"பயனாளியின் குரல்னா இதுதான்!" என்றார். "இந்தத் தாய் நமக்கு ரெண்டு உண்மையைச் சொல்லியிருக்காங்க. ஒண்ணு, ஆடைத் தொழிலாளர்கள்னு ஒரு புதுப் பிரிவு இருக்கு. அவங்களுக்குப் பத்தாவதா ஒரு ஜன்னல் வேணும். ரெண்டு, இந்த ஊர்ல கடல் இல்ல. ஆவணத்தை மாத்த முடியாது. நிலையத்தைத்தான் மாத்தணும்."

இருபது நாளில் நிலையம் ஒரு துறைமுக ஊருக்குப் போனது. பலகை போனது, மணி போனது, மாத்திரைப் பெட்டிகள் போயின. ஆஸ்பத்திரியின் பழைய அறையில் கேட்டுப் பார்க்கலாம் என்றால், அங்கே அணுகல் நிலையத்தின் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது காலரக்கா இயக்குநரைப் பிடித்துவிட்டாள். "சட்டைக் கம்பெனி இங்கதானே சார் இருக்கு? பத்தாவது ஜன்னலை அங்க கொண்டு போறீங்களே?"

"இருக்கற எடத்துல வெச்சா அது சேவைம்மா" என்றார் அவர் பொறுமையாக. "இல்லாத எடத்துல வெச்சாத்தான் விரிவாக்கம்."

அந்த மாதம் லாரிக்காரர் தன் வண்டியின் பின்பக்கத்தில் தார்ப்பாய் விரித்தார். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் கிளம்பினார்கள். மற்றவர்களில் சிலர் ரயிலில் வருவதாகச் சொன்னார்கள். சிலர் எதுவும் சொல்லவில்லை. காலரக்கா டப்பாவில் இருந்த கடைசி மாத்திரையைக் காலை எட்டு மணிக்கு ஓடும் வண்டியில் விழுங்கினாள். வெயில் சாய்வதற்கு முன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாள். எல்லோரும் ஆ என்றார்கள். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

ஏழாம் ஜன்னலில் நிஜ மாலுமிகள் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் கடலோடிப் புத்தகம். அது இல்லாமல் அங்கே பேச்சே இல்லை. பரவாயில்லை என்று காலரக்கா பத்தாம் ஜன்னலுக்குப் போனாள். நமக்கென்றே வைத்த ஜன்னல், இனி பொய் வேண்டாம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அங்கே இருந்த இளம் அலுவலர் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"காலர்னா என்ன?"

"சட்டையோட கழுத்துப் பட்டை சார்."

அலுவலர் ஒரு சுழி போட்டார். "கயிறு எந்தப் பக்கம் வரும்?"

"கயிறே வராது சார்."

"வராதா?" கோப்பைத் திருப்பிப் பார்த்தார். "எங்க முதல் பயனாளி தெளிவாச் சொல்லியிருக்கார். காலரை ரெண்டு ஆள் சேர்ந்து கயிறு போட்டு இழுத்துக் கட்டணும். காத்து பலமா அடிச்சா அவுத்து விடணும். மாதிரி வாக்குமூலம்னு இதைத்தான் எல்லாருக்கும் அனுப்பியிருக்கோம்."

"சார், பதினாலு வருஷமா அதான் என் வேலை."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. உண்மையான ஆடைத் தொழிலாளிக்குப் போக வேண்டிய வாய்ப்பை நீங்க பறிக்கலாமாம்மா?"

அந்த முதல் பயனாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தோள் அகன்ற ஆள், கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. கடலோடிப் புத்தகத்தைக் கப்பலில் தொலைத்துவிட்டு, ஏழாம் ஜன்னலில் விரட்டப்பட்டு, பத்தாவது காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்து அங்கே வந்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்து ஜன்னலிலும் ஆள் இருந்ததால் மணி அடித்துவிட்டது. மாத்திரை எல்லோருக்கும் கிடைத்தது, காலரக்காவுக்கு மட்டும் இல்லை. அவள் வெளியே வந்து லாரியின் நிழலில் உட்கார்ந்தாள். நாளைக் காலைக்கு மாத்திரை இல்லை. மகள் முகம் ஞாபகம் வந்தது. வாய்விட்டு அழுதாள்.

சிரிப்பக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். தன் டப்பாவைத் திறந்து மூன்று மாத்திரையை எடுத்துக் காலரக்காவின் காலி டப்பாவில் போட்டாள். அடுத்து லாரிக்காரர் மூன்று போட்டார். பத்துப் பேரும் ஆளுக்கு மூன்று போட்டார்கள். முப்பது ஆயிற்று.

"வேணாம். உங்களுக்குக் கடைசியில மூணு நாள் குறையுமே!"

"அதுக்கென்ன, மூணு நாள் முன்னாடியே வந்துடுவோம்" என்றார் லாரிக்காரர். "டப்பா காலியாயிடுச்சுன்னா குடுக்காமலா போயிடுவாங்க?"

வண்டி கிளம்பும் நேரத்தில் அந்த நிஜ மாலுமி ஓடி வந்தான். "மன்னிச்சுக்க தங்கச்சி. கப்பல்ல பாயைக் கட்டறதைச் சொல்லி வெச்சேன். எனக்குத் தெரிஞ்சது அதான். அடுத்த தடவை நீ அதையே சொல்லிடு." பாதையோரத்தில் நின்றபடி கயிறு எந்தப் பக்கம், முடிச்சு எத்தனை என்று சொல்லிக்கொடுத்தான். காலரக்கா தன் வேலையைத் தப்பில்லாமல் தப்பாகப் படித்துக்கொண்டாள்.

இருபத்தேழு நாள் கழித்துப் பதினோரு பேரும் மறுபடி வந்து சேர்ந்தார்கள். பத்தாம் ஜன்னலில் காலரக்கா கயிறு, முடிச்சு, காற்று எல்லாவற்றையும் ஒப்பித்துத் தேர்ச்சி பெற்றாள். ஆனால் மாத்திரை யாருக்கும் கிடைக்கவில்லை. முப்பது நாள் முடியாமல் அடுத்த டப்பா தர விதி இல்லை. முன்கூட்டியே கேட்பவர் மாத்திரையை வீணாக்கியவர் என்று கருதப்படுவார். அவருக்கு முதலில் மூன்று நாள் சிக்கன ஆலோசனை வழங்கப்படும். மணி மூன்று நாள் கழித்துத்தான் அடிக்கும்.

ஊருக்குப் போய்த் திரும்ப டீசலும் இல்லை, தெம்பும் இல்லை. நிலையத்தின் வாசல் பெஞ்சுகளில் தங்கிவிட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணி ஆனது. காலரக்காவின் டப்பாவில் மூன்று மாத்திரை இருந்தது. மற்றப் பத்து டப்பாவும் காலி. மூன்றைப் பத்துப் பேருக்குப் பிரிக்க எந்த ஸ்கேலாலும் முடியாது. அவள் டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மணி எட்டு. முழுங்கு" என்றாள் சிரிப்பக்கா.

"எப்படிக்கா எறங்கும்?"

"நீ விட்டுட்டா மட்டும் எங்க டப்பா ரொம்பிடுமா? பதினோரு பேருக்கு மருந்து கோவிச்சுக்கறதை விட பத்துப் பேருக்குக் கோவிச்சுக்கறது தேவலை. முழுங்குடி." அப்போதும் சிரிக்கத்தான் சிரித்தாள்.

பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருக்கக் காலரக்கா விழுங்கினாள். தண்ணீர் குடித்தும் தொண்டையிலேயே நின்றது.

அந்த நேரத்தில் இயக்குநரின் கார் வந்து நின்றது. அலுவலகம் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் இத்தனை பேர், இத்தனை நாடாக்கள். அவர் அப்படியே மலைத்து நின்றார். பிறகு உள்ளே ஆள் அனுப்பிப் படம் எடுப்பவரை வரவழைத்தார்.

"பாத்தீங்களா? மூணு நாளைக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காங்க" என்றார். "ஒரு காலத்துல மாத்திரை வாங்கினா நாலே நிமிஷத்துல ஓடிப் போன ஜனங்க இவங்க. இப்ப எழுந்து போகவே மனசு வரல. ஆண்டறிக்கையோட அட்டையில இதுதான் வரணும்."

ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால் படத்தைப் பின்பக்கமிருந்து எடுத்தார்கள். பதினோரு முதுகுகளும், கழுத்தில் நாடாக்களின் முடிச்சும் தெளிவாக விழுந்தன. மடியில் வைத்திருந்த டப்பாக்கள் முன்பக்கம் இருந்ததால் படத்தில் வரவில்லை.